புரோக்கரம்மா போட்ட ஜோடி

எங்கள் புரோக்கரம்மா சேர்த்து வைத்த அளவுக்கு ஜோடிகளைச் சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவிலும் வேறு எந்தக் கல்யாணத் தரகரும் சேர்த்து வைத்திருக்க மாட்டார். இத்தனைக்கும் அந்த ஜோடிகளில் ஒன்றில்கூட மாப்பிள்ளை கிடையாது. இரண்டு பக்கமும் பெண்தான். நான் சொல்வது, ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் தங்கப்போகும் ஜோடிகளை. புரோக்கரம்மா அங்கே தலைமை வார்டன்.

ஏர்பேட்டுப் பக்கம் பொட்டல் வெளியில் கண்ணாடிக் கட்டடங்களாக எழும்பி நிற்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். அதில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல், அப்புறம் 'உலகத்தை நான் எப்படி மாற்றுவேன்' என்று ஒரு கட்டுரை. இப்படிச் சலித்துச் சலித்து எடுத்து, கடைசியில் உலகத்தை மாற்றப்போகிற பிள்ளைகளை என் தலையில் கட்டுவார்கள். அவர்கள் முதல் வாரம் மாற்றக் கேட்பது உலகத்தை அல்ல, ரூமை.

பல்கலைக்கழகத்தின் பெருமையே, நாட்டின் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள் என்பதுதான். பளபளப்பான விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் அந்தந்த மாநிலத்து உடையோடு பெண்கள் கைகோத்துச் சிரிப்பார்கள். அந்தப் படம் எடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மிசோரம் பெண் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணு சரியா வராது, பாத்தா வடகிழக்கு மாதிரியே இல்ல" என்று சொல்லிவிட்டு, புகைப்படக்காரர் ஒரு ரேணிகுண்டாப் பெண்ணுக்கு அந்த உடையைப் போட்டு நிறுத்தினார். அட்டையில் இன்றைக்கும் மிசோரமாகச் சிரிப்பது ரேணிகுண்டாதான்.

நான் கெமிஸ்ட்ரி பாடம் எடுக்கிறவள். சொந்த ஊர் நகரி, வீட்டில் விசைத்தறி. விடுதியில் துணை வார்டன் என்பது எனக்குக் 'கூடுதல் பொறுப்பு'. தனியார் கல்லூரிகளில் சம்பளம் தராமல் வாங்கும் வேலைக்கு அப்படி ஒரு மரியாதையான பெயர் உண்டு. காலையில் வகுப்பு, மதியம் லேப், சாயந்திரம் கூடுதல் பொறுப்பு. அலுப்பு என்ற சொல்லுக்கு அகராதியில் படம் போடுவதாக இருந்தால் என்னைக் கூப்பிடலாம், ரேணிகுண்டாவைத் தேட வேண்டியதில்லை.

வேலையில் சேர்ந்த அன்று தலைமை வார்டன் அறைக்குப் போனேன். உள்ளே ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தழையத் தழையப் பட்டுச் சேலை, இரண்டு பக்க மூக்குத்தி, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் தாலிச்சரடு மாதிரி ஒரு விசில். புத்தூரில் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. என் நியமன உத்தரவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த ஊரும்மா?"

"நகரி மேடம்."

"தறி கீதா வூட்ல?"

"இருக்குது மேடம்."

"அப்ப சத்தத்துல தூங்குவ. இங்க நெறைய கத்துவாளுங்க. இன்னா பாடம்?"

"கெமிஸ்ட்ரி."

"சரி கெமிஸ்ட்ரி, போயி கேசரி ரெடியான்னு பாத்துட்டு வா."

அன்றிலிருந்து என் பெயர் கெமிஸ்ட்ரிதான். அப்பா ஜாதகம் பார்த்து வைத்த பெயர் என்ன என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது என்றே நினைக்கிறேன்.

கேசரி எதற்கு என்று கேட்டீர்களானால், அன்றைக்குப் பெண் பார்க்கும் படலம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எல்லாக் கல்லூரியிலும் கம்ப்யூட்டரே அறை ஒதுக்கும். இங்கே புரோக்கரம்மா ஒதுக்குவார். ஒவ்வொரு பெண்ணையும் தனியாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எதிரில் உட்கார வைத்துப் பொருத்தம் பார்ப்பார். ஊர்ப் புரோகிதர் பார்க்கிற நட்சத்திரப் பொருத்தமெல்லாம் இல்லை. ஃபேன் பொருத்தம், அலாரம் பொருத்தம், ஜன்னல் பொருத்தம், குறட்டைப் பொருத்தம், குளியல் பொருத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக அழுகைப் பொருத்தம்.

"வூட்ல இருந்து போன் வந்தா அழுவியா?" என்று எடுத்த எடுப்பில் கேட்பார். நேர்காணலில் உலகப் பொருளாதாரத்தைப் பிளந்து கட்டிய பெண் இதற்குத் தடுமாறிப் போவாள். அழுகிறவளுக்கு அழுகிறவளை ஜோடி போட மாட்டார். "ரெண்டும் அழுதா எவ தொடைப்பா?" என்பது அவர் சட்டம். நெடுநேரம் குளிக்கிறவளுக்கு நெடுநேரம் குளிக்கிறவளைப் போடுவது அவர் கணக்கில் மகா பாவம். எட்டு மணி வகுப்புக்கு இரண்டு பேருமே வர மாட்டார்களாம்.

பாஷைப் பொருத்தம் மட்டும் பார்க்கவே மாட்டார். ஜாதி, மதம், வசதி எதுவும் அவர் கேட்கும் கேள்வியில் வராது. "ஏன் மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மெஸ்ல பாத்தியா கெமிஸ்ட்ரி? தெலுங்குக்கு ஒரு டேபுளு, மெட்ராஸ்காரிங்களுக்கு ஒரு டேபுளு, இந்திக்கு ஒரு டேபுளு. மேடையில ஒண்ணா கைகோத்து ஆடறாளுங்க. கீழ எறங்குனதும் ஊரு ஊரா பிரிஞ்சி ஒக்காந்து துன்றாளுங்க. துன்ற எடத்துல நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. தூங்கற எடத்துலதான் பிடிக்கணும்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் பல்கலைக்கழகத்தில் 'பன்மைத்துவ நாள்' என்று ஒன்று வருஷாவருஷம் நடக்கும். பஞ்சாப் பெண் கும்மியடிப்பாள், கேரளப் பெண் பாங்ரா ஆடுவாள், கை தட்டிக் கை தட்டி எனக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். விழா முடிந்து அரை மணியில் அவரவர் டேபிளில் அவரவர் பாஷை.

பொருத்தம் முடிந்தால் அடுத்தது தட்டு. நம் பக்கத்தில், தமிழரோ தெலுங்கரோ, நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டாரும் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் யாரும் பின்வாங்கக்கூடாது. புரோக்கரம்மா இதை அப்படியே விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜோடி சேர்ந்த இரண்டு பெண்களின் அப்பா அம்மாவையும் ஹாலில் எதிரெதிரே உட்கார வைத்து, கேசரியும் போண்டாவும் கொடுத்து, வெற்றிலை பாக்கு வாழைப்பழத் தட்டைக் கையில் திணித்து, விசில் ஊதுவார். விசில் சத்தத்தில் எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் தட்டு மாற்ற வேண்டும். மார்ச் பாஸ்ட் மாதிரி நடக்கும்.

எதற்கு இந்தக் கூத்து என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. யாராவது ரூம் மாற்றச் சொல்லி வந்தால் புரோக்கரம்மா விதிமுறை எதையும் காட்டுவதில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, தட்டு மாத்தியாச்சேம்மா!" என்று அதிர்ந்து போவார். எவ்வளவு பெரிய இடமானாலும் அந்த ஒரு வார்த்தைக்குக் கொஞ்சம் தயங்கத்தான் செய்தார்கள்.

தட்டால் வம்பும் வந்திருக்கிறது. அசாமிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அங்கேயும் வெற்றிலை பாக்குக்குப் பெரிய மரியாதையாம். தட்டைக் கையில் வாங்கியதும் அந்த அப்பா எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டுக்கு எதிரே இருந்தவர் சேலத்துக்காரர், அவரும் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார். அசாம்காரர் அவரைக் கட்டிப்பிடித்து இந்தியில் மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி, பையன் எங்கே?"

அவருக்கு விஷயத்தைப் புரிய வைத்து, அவர் ஊரிலிருந்த மனைவிக்குப் போனில் புரிய வைத்து, ஏற்கெனவே அழ ஆரம்பித்துவிட்ட அத்தைக்குப் புரிய வைத்து முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. புரோக்கரம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. "பையன் இல்லன்னதும் அந்தாளு மூஞ்சிய பாத்தியா கெமிஸ்ட்ரி? நிம்மதி!" என்றார்.

தப்புப் பொருத்தமும் போட்டிருக்கிறார். ஒருமுறை எல்லாப் பொருத்தமும் கூடி வந்து, சென்னைப் பெண் ஒருத்தியும் எங்கள் நகரிப் பெண் ஒருத்தியும் ஒரே அறைக்கு வந்தார்கள். இரண்டு பேருமே தமிழ், இது தானாக ஓடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். வாரக் கடைசியில் சென்னைப் பெண் என்னிடம் வந்து, "மேம், அவ கூட என்ன லாங்குவேஜ்ல பேசறது?" என்றாள். நகரிப் பெண் பேசுவதையெல்லாம் இவள் தெலுங்கு என்று நினைத்து மண்டையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். புரோக்கரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். அரியானா மல்யுத்தப் பெண்ணையும் ஆலப்புழை வீணைக்காரியையும் விடியற்காலை அலாரம் ஒன்றுக்காகவே சேர்த்து வைத்தபோது காட்டாத கவலையை அன்று காட்டினார். அந்த இரண்டும் ஒட்டிப்பிறந்த மாதிரி அலைந்தன.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

பூர்ணிமா பாலசமுத்திரத்துப் பெண். கரும்பு போடும் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கு. முழு உதவித்தொகையில் இடம் கிடைத்து வந்தவள். மெஸ்ஸில் தெலுங்கு டேபிளில் உட்கார்ந்தால் "நீ தமிழ்தானே" என்றார்கள். தமிழ் டேபிளில் உட்கார்ந்து "நான் துன்னுட்டேன்" என்று சொல்ல, டேபிளே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில் மட்டும் வரும், அதுவும் இங்கிலீஷில்.

லாஸ்யா ஐதராபாத்துப் பெண். அப்பா பெரிய காண்ட்ராக்டர். இவளும் பூர்ணிமாவும் ஒரே அறை என்று புரோக்கரம்மா முடிவு செய்தபோது நானே வாயைப் பிளந்தேன். ஆனால் பொருத்தம் பார்த்த அன்று நான் உள்ளே இருந்தேன், காரணம் எனக்குத் தெரியும்.

"லைட்ட அணைச்சிட்டுத் தூங்குவியா, போட்டுக்கினா?" என்ற கேள்விக்கு லாஸ்யா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இருட்டென்றால் பயம் என்று தெலுங்கில் சொன்னாள். நுழைவுத் தேர்வுக்குப் படித்த ஹாஸ்டலில் இது தெரிந்துபோய், வேண்டுமென்றே லைட்டை அணைத்து அணைத்து விளையாடியிருக்கிறார்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள் மேடம், அப்பாவுக்கே தெரியாது" என்று கேட்டுக்கொண்டாள். புரோக்கரம்மா அவள் தலைமேல் கை வைத்து, "செப்பனு தல்லி" என்றார். சொல்ல மாட்டேனம்மா என்று அர்த்தம்.

அன்று சாயந்திரமே பூர்ணிமாவிடம் அதே கேள்வி. அவள் இன்னும் மெஸ் பக்கம் போயிருக்கவில்லை, வாய் திறந்தே இருந்தது.

"போட்டுக்கினுதான் மேடம் தூங்குவேன். எனுக்கு லைட்டு எரிஞ்சாதான் நிம்மதி."

"ஏம்மா, பயமா?"

"பயம் இல்ல மேடம். சின்னதுல எங்க கரும்புக் கொல்லிக்கு கரெண்டு எப்ப வரும்னு தெரியாது. நைனா சுச்சி போட்டே வெச்சிருப்பாரு. பல்பு எரிஞ்சா எழுந்து போயி மோட்டார் போடுவாரு. லைட்டு எரியுதுன்னா தண்ணி பாயுதுன்னு அர்த்தம். நான் திரும்பிப் படுத்துக்குவேன்."

புரோக்கரம்மா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். ஜோடி முடிந்தது. தட்டு மாற்றிய அன்று காண்ட்ராக்டர் காதில் போனை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டை நீட்டினார். பூர்ணிமாவின் நைனா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் வீடியோ காலில் லாஸ்யாவின் அம்மா பூர்ணிமாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஊரைக் கேட்டு, நிலம் எவ்வளவு என்று கேட்டு, கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?" நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஜாதியைத் தவிர வேறு பதில் கிடையாது. பூர்ணிமா சொன்னாள். அதன்பிறகு அந்த அம்மா பூர்ணிமாவோடு பேசவில்லை. மகளோடுதான் பேசினார். தண்ணீர் பாட்டிலைத் தனியாக வைத்துக்கொள், தட்டைத் தனியாக வைத்துக்கொள் என்று. ஸ்பீக்கரில்தான். லாஸ்யா ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை பூர்ணிமா எங்கள் அறைக்கு வந்து டி.சி. கேட்டாள். படிப்பையே விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். நைனாவும் வந்துடும்மா என்று சொல்லிவிட்டாராம். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"பொங்கலு வரைக்கும் இரு. அப்புறம் நானே குடுக்கறேன்" என்றார் புரோக்கரம்மா. அவள் போனபிறகு வெகுநேரம் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே காண்ட்ராக்டர் வந்துவிட்டார். எங்களிடம் சண்டைக்கு வருகிற அப்பாக்கள் எல்லோரும் முதலில் திருமலைக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள். ஒரே பயணத்தில் இரண்டு வேலை. அதனால் எங்களுக்கு வாய்ப்பவர்கள் எல்லாம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, ஒரு கையில் லட்டுப் பையோடு கோபப்படுகிறவர்கள். லட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார்கள். ஆசிரியர் அறையில் எங்களுக்குச் சர்க்கரை ஏறியதற்கு இந்த ரூம் மாற்றங்களே காரணம்.

காண்ட்ராக்டரும் சந்தனம் காயாத தலையோடு டைரக்டர் அறையில் உட்கார்ந்திருந்தார். டைரக்டருக்குப் பின்னால் சுவரில் கைகோத்துச் சிரிக்கும் மாநிலங்களின் படம். புரோக்கரம்மாவையும் என்னையும் நிற்க வைத்தே விசாரணை தொடங்கியது.

"மனவாள்ள பில்ல தொரகலேதா?" என்றார் காண்ட்ராக்டர். நம்ம ஆளுங்க வீட்டுப் பெண் கிடைக்கவில்லையா என்கிறார்.

"தட்டு மாத்தியாச்சு சார்."

"தட்டாவது, கிட்டாவது. என்ன பொருத்தம் பாத்து எங்க பொண்ண அதோட போட்டீங்க? சொல்லுங்க."

"அது சொல்லக்கூடாது சார்."

டைரக்டர் கெஞ்சினார். "மேடம், ஒரு காரணம் சொல்லுங்க போதும். படிப்பு, மார்க்கு, ஏதாவது. சார் புரிஞ்சிப்பாரு."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஐயா, உங்கள் மகளுக்கு இருட்டென்றால் பயம், அந்தப் பெண் இல்லாவிட்டால் அவள் தூங்க மாட்டாள் என்று ஒரு வரி சொன்னால் காரியம் முடிந்தது. புரோக்கரம்மா என் கையை அழுத்திப் பிடித்தார். பி.டி. டீச்சர் பிடி.

"பொருத்தம் பாத்தா மாதிரிதான் போட்டேன். அவ்ளோதான் சொல்ல முடியும்."

"அப்ப ரூம மாத்திடுங்க" என்றார் டைரக்டர்.

"என்னை மாத்திட்டு ரூம மாத்துங்க சார்" என்றார் புரோக்கரம்மா. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி லட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். "இத வெச்சிக்கங்க. தீ கீ பிடிச்சா ஊதிக்கங்க."

அன்று மதியமே ஒரு சூட்கேஸும் ஷூ டப்பாக்களுமாக ஆட்டோவில் ஏறிவிட்டார். அவரைத் தடுக்க டைரக்டர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நான் ஆட்டோ வரைக்கும் போனேன். "பூர்ணிமா பத்தரம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அந்தப் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டு இப்படி வீறாப்பாகக் கிளம்பினால் நான் என்ன செய்வேன்?

தலைமை வார்டன் பொறுப்பும் கூடுதலாக என்மேல் விழுந்தது. என் முதல் உத்தியோகபூர்வமான வேலை, லாஸ்யாவை அவள் 'ஆளுங்க' வீட்டுப் பெண்ணின் அறைக்கு மாற்றுவது. செய்தேன். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே நடையில் வந்தால், லாஸ்யா மெத்தையைத் தரையில் இழுத்துக்கொண்டு பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"டாடி, அங்க நெட்வொர்க்கே வரல டாடி. ஒரு பாயிண்ட்கூட இல்ல. நான் எப்படி ஆன்லைன் டெஸ்ட் எழுதறது?"

ஜாதி விஷயத்தில் அசையாத காண்ட்ராக்டர் நெட்வொர்க்குக்கு அசைந்துவிட்டார். எங்கள் விடுதியில் எல்லா அறையிலும் ஒரே வைஃபைதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

லாஸ்யா திரும்பி வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. பூர்ணிமாவின் டி.சி. விண்ணப்பம் என் மேஜையில் அப்படியே இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மரியாதை. 'ப்ளீஸ்', 'தேங்க் யூ', 'எக்ஸ்க்யூஸ் மீ'. கேட்கவே நாராசமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் புத்தூரிலிருந்து போன் வரும். சௌக்கியம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"கெமிஸ்ட்ரி, சண்டை போட்டாளுங்களா?"

"இல்ல மேடம். ரொம்ப மரியாதையா இருக்காங்க."

"ஐயோ, உருப்படாது! மரியாதையா இருந்தா மூட்டை கட்டிக்கினு கீறான்னு அர்த்தம். சண்டை வரணும் கெமிஸ்ட்ரி." போனை வைத்துவிடுவார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பினார்கள். பூர்ணிமா திரும்பி வந்ததே டி.சி. வாங்கத்தான். புரோக்கரம்மா சொன்ன கெடு முடிந்துவிட்டது, கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், மாடியில் அப்படி ஒரு கூச்சல். ஓடினேன். எல்லா அறைக் கதவும் திறந்து, எல்லா மாநிலமும் நடையில் நின்று வேடிக்கை பார்த்தது. நடுவில் லாஸ்யா கையில் ஒரு காலி டப்பா. அவள் அம்மா செய்து கொடுத்தனுப்பிய சகினாலு, அரிசி மாவில் எள் போட்டு வளையம் வளையமாகச் சுடும் ஐதராபாத்துப் பக்கத்துப் பலகாரம். டப்பாவில் ஒரு எள்ளுகூட மிச்சமில்லை.

பூர்ணிமா கத்தினாள். மெஸ் டேபிள் சிரித்த நாளிலிருந்து பூட்டி வைத்திருந்த வாய்.

"ஆமாடி, நான்தான் துன்னேன்! உங்கம்மா சுட்டதுன்னுதான் துன்னேன்! ஒண்ணு வுடாம துன்னேன்! பாட்டில தனியா வைக்கச் சொன்னப்போ வாயத் தொறந்தியா நீ? பொம்மை மாரி ஒக்காந்துகினு இருந்தல்ல?"

லாஸ்யா திருப்பிக் கொடுத்தாள். இங்கிலீஷில் இல்லை, தெலுங்கிலும் இல்லை.

"தொறக்கல! தப்புதான்! என் மேலதான் தப்பு! அதுக்குன்னு எல்லாத்தியும் துன்னுட்டு, டப்பாவ மூடி வெச்சிக்கினு, ஒண்ணும் தெரியாத மாரி பட்ச்சிக்கினு கீறியே, நீ இன்னா மனுஷிடி?"

ஐதராபாத்துக் காண்ட்ராக்டர் மகள். எங்கள் எல்லைத் தமிழில். பூர்ணிமா நைனாவோடு போனில் பேசுவதைப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் கேட்டுக் கேட்டுப் பிடித்திருக்கிறாள். நான் அந்தத் தமிழை நகரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மடித்துப் பையில் வைத்துவிட்டு வருகிறவள். அது அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு குரலில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சென்னைப் பெண் ஒருத்தி, "மேம், இது என்ன லாங்குவேஜ்?" என்றாள்.

"தமிழ்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

சண்டையை நான் நிறுத்தவில்லை. துணை வார்டன், பொறுப்புத் தலைமை வார்டன் இரண்டு பேருமாகச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டும் தொண்டை கட்டி, மூச்சு வாங்கி, உள்ளே போயின. கொஞ்ச நேரத்தில் பூர்ணிமா என் அறைக்கு வந்தாள்.

"மேடம், டி.சி. வேணாம்."

"ஏம்மா?"

"இப்போ போனா அவ ஜெயிச்சிட்ட மாரி ஆயிடும். இன்னும் நெறைய பேச வேண்டியது கீது."

அடுத்த வருஷத்திலிருந்து ரூம்மேட்டைப் பிள்ளைகளே ஒரு ஆப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இப்போது மெஸ் மட்டுமல்ல, மாடிகளும் பாஷை பாஷையாகப் பிரிந்துவிட்டன. புகார் குறைந்திருக்கிறது என்று டைரக்டருக்குச் சந்தோஷம். எனக்கு அலுப்பு குறையவில்லை. கேசரியும் நின்றுபோயிற்று.

ஆனால் அந்தச் சண்டைக்கு மறுநாள் நான் லீவு போட்டேன். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள் என்பதால் டைரக்டர் இரண்டு முறை காரணம் கேட்டார். சொந்த வேலை என்றேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, முட்டிமோதி புத்தூர் பஸ் பிடித்து, பாதி தூரம் நின்றுகொண்டே போனேன். புரோக்கரம்மா நைட்டியும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செம்பு கை நழுவியது.

"இன்னா கெமிஸ்ட்ரி, வேலைய வுட்டுட்டு வந்துக்கினு கீற? அந்தப் பொண்ணு பூட்டாளா?"

"சண்டை மேடம்" என்றேன். "பயங்கரச் சண்டை."

நடந்ததை ஒன்று விடாமல், இரண்டு பேர் குரலிலும், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே நடித்துக் காட்டினேன். துன்னுட்டு, மூடி வெச்சிக்கினு, பட்ச்சிக்கினு என்று வந்தபோது அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூக்குத்தியும் ஆட ஆட, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். மூச்சு வந்ததும், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் சொன்னால் அந்த அம்மாள் சிரிப்பது காதில் மட்டும்தானே விழும்.